வலியற்ற வளாகத்தில் வசந்தியின் வயிறு

“இன்று முதல் மனிதக் குடல் எங்களைக் கேட்காமல் எதையும் செய்யாது” என்று டாக்டர் நல்லசிவம் அறிவித்தார்.

அடையாறு மகோன்னதா மருத்துவமனையின் முகப்புக் கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. கைதட்டாதவர் ஒருவர்தான்: ஊரூர் குப்பத்து மீனவர் குப்பன். அவருடைய ஒரு கையில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது. மறு கையில் செருப்பு இருந்தது. அந்தப் பளிங்குத் தரையில் செருப்போடு நடக்கலாமா என்று கேட்க அவருக்குக் கூச்சம். எனவே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வசந்தி நான்காவது மாடியில் படுத்திருந்தார். இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து வசந்தியின் குடல் எதையுமே செய்யவில்லை. அந்த அளவில் டாக்டர் சொன்னது சரிதான். கேட்டாலும் செய்யாது என்பதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அன்று ‘குடல் மேன்மை மைய’த்தின் திறப்பு விழா. இளஞ்சிவப்புப் பலூன்களைக் கட்டிப் பெருங்குடல் வடிவில் ஒரு வளைவு அமைத்திருந்தார்கள். விருந்தினர்கள் அதன் தொடக்கத்தில் நுழைந்து, எல்லா வளைவுகளிலும் வளைந்து, இறுதியில் வெளியேறினார்கள். வெளியேறும் இடத்தில் பட்டுப்புடவை கட்டிய இரண்டு பெண்கள் சந்தனமும் கல்கண்டும் கொடுத்தார்கள். அங்கே நின்று கல்கண்டு வாங்குவதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மையத்தின் தலைவரான நல்லசிவம் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையில் உலவினார்.

“நான் படித்தது அரசாங்க ஆஸ்பத்திரியில். எங்கள் புரொபசர் காலையில் வார்டுக்குள் நுழைவார். ஆபரேஷன் ஆன ஒவ்வொருத்தரிடமும் குனிந்து ஒரே கேள்வி: ‘காத்து பிரிஞ்சுதா?’ பிரிஞ்சுது என்று சொன்னால் போதும், ஏதோ பேரன் பிறந்த மாதிரி அவர் முகம் மலர்ந்துவிடும். பிரியவில்லையா? வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். ஒரு ரப்பர் குழாயைச் சொருகுவார். பேஷண்டை இந்தப் பக்கம் புரட்டு, அந்தப் பக்கம் புரட்டு. அப்புறம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காத்திருப்பார். மந்தைவெளியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?”

கூட்டம் சிரித்தது.

“மகோன்னதாவில் எந்த டாக்டரும் நோயாளியின் படுக்கையருகே குனிந்து அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். இது நான் தரும் உத்தரவாதம். இங்கே எல்லாவற்றையும் கணினி சொல்லும்.”

குப்பனும் இப்போது பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். வயிற்றைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதர், வசந்தியின் வயிற்றைப் பற்றியும் ஏதாவது தெரிந்து வைத்திருப்பார் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

வசந்தி பெசன்ட் நகர்ப் பக்கம் மீன் விற்பவர். ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. வேளச்சேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் மேகலாவின் காப்பீட்டு அட்டைதான் மகோன்னதாவின் கண்ணாடிக் கதவுகளைத் திறந்தது. டாக்டர் ரெஹான் இடுப்பு மூட்டை மாற்றினார். மூட்டு பிரமாதமாக அமைந்தது. அதற்குப் பிறகு வயிறு வீங்க ஆரம்பித்தது.

குப்பன் அறைக்குள் நுழைந்தபோது அது இன்னும் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. போர்வைக்குக் கீழே யாரோ பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

“இன்னாமே, எப்டி கீது?”

“எப்டி கீதுன்னா? நீயே பாரேன்யா. மேகலா வயித்துல இருந்தப்பகூட இவ்ளோ இல்ல.” வசந்தி வயிற்றில் விரலால் சுண்டினார். டங் என்றது. “கேட்டியா? மூச்சு வுட்டா நெஞ்ச வந்து முட்டுது.”

“கீழ ஒரு டாக்டரு பேசினு இருந்தாரு. கொடலப் பத்திப் பிச்சி ஒதறிட்டாரு.”

“பேசறவன் வாணாம்யா. பாக்கறவன இட்டா.”

இங்கே மகோன்னதாவின் பெருமைகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். முகப்பில் அவை பித்தளைப் பலகைகளில் மின்னின. ஒன்று, ‘வலியற்ற வளாகம்’. மற்றொன்று, ‘வீழ்ச்சியற்ற வளாகம்’. இரண்டையும் புதுப்பித்துத் தரத்தான் டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு அன்றைக்கு வந்துகொண்டிருந்தது. மையத்தின் ரிப்பனை வெட்டப்போவதும் அந்தக் குழுவின் தலைவர்தான்.

வலியற்ற வளாகத்தில் வலி எப்படி ஒழிக்கப்பட்டது என்றால், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அதில் சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை வரிசையாக வரைந்திருந்தது. நோயாளி எந்த முகத்தைத் தொடுகிறாரோ அது கணினிக்குப் போகும். முதல் இரண்டு முகங்களைத் தாண்டி யாராவது கை வைத்தால், புன்னகையோடு ஓர் அணி வந்து ஊசி போடும். அந்த ஊசி வலியைத் தூங்க வைக்கும். நோயாளியையும் தூங்க வைக்கும். குடலையும் தூங்க வைக்கும் என்று அந்த மருந்துச் சீட்டிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் குடல் தூங்குவதற்குப் பலகையில் முகம் வரையவில்லை.

வீழ்ச்சியற்ற வளாகம் இன்னும் எளிது. நிற்காதவர் விழுவதில்லை என்பதை நிர்வாகம் ஒரு கருத்தரங்கில் கண்டுபிடித்திருந்தது. ஆகவே யாரையும் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. வசந்தியின் கட்டிலின் இருபுறமும் கம்பித் தடுப்பு ஏற்றியிருந்தது. இடுப்பு மூட்டை மாற்றினால் மறுநாளே நடக்க வைப்பது வழக்கம். ஆனால் டெல்லிக் குழு போகும்வரை நடை ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

வசந்தி வயிறு வலிக்கிறது என்று அழும் முகத்தைத் தொட்டார். அணி வந்தது. ஊசி போட்டது. வலி குறைந்தது. வயிறு கூடியது. மறுபடி வலித்தது. மறுபடி தொட்டார். மறுபடி அணி வந்தது. இந்த ஒழுங்கு கொஞ்சமும் பிசகாமல் நடந்து வந்தது.

அறைக்கு வெளியே குப்பன் சாய்சரணைப் பிடித்தார். சாய்சரண், விருந்தினர் அனுபவ மேலாளர். மகோன்னதாவில் நோயாளி என்று யாரும் கிடையாது. எல்லோரும் விருந்தினர்.

“சார், அவளுக்குக் காத்து போவவே மாட்டேங்குது. அது போயிட்டா...”

சாய்சரண் சுற்றும் முற்றும் பார்த்தார். “அங்கிள், ப்ளீஸ். அந்த வேர்டை நம்ம கேம்பஸ்ல யூஸ் பண்றதில்ல.”

“எந்த வேர்டு? காத்தா?”

“எங்க விருந்தினர்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதாவே நாங்க காட்டிக்கறதில்ல. டிக்னிட்டி அங்கிள், டிக்னிட்டி.”

“இருந்தாத்தான் காட்டறதுக்கு? அதான் இல்லியே சார், அதத்தானே நா சொல்லிக்கினு கீறேன்.”

சாய்சரண் அவர் தோளில் மெதுவாகக் கை வைத்தார். “நீங்க ரொம்ப ஸ்ட்ரெஸ்ல இருக்கீங்க. ஆறாவது மாடியில நீர்வீழ்ச்சி இருக்கு. போய் உக்காந்து கேளுங்க.”

குப்பன் போகவில்லை. கடற்கரையில் பிறந்தவருக்குத் தண்ணீர்ச் சத்தம் புதிதல்ல.

எலும்புத் துறையின் டாக்டர் ரெஹான் பார்வையிட வந்தார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காதலியின் கடிதத்தைப் படிப்பது போலப் பார்த்தார்.

“அடடா! என்ன ஆங்கிள்! குப்பன், இந்த மூட்டு உங்களுக்கு அப்புறமும் இருக்கும்.”

“டாக்டர், வயிறு...”

“இடுப்புக்கு மேல என் ஏரியா இல்லங்க.”

“வயிறு இடுப்புக்குக் கிட்டத்தான சார் கீது?”

“கிட்டத்தான் இருக்கு. ஆனா என்னுது இல்ல. படத்துல பாருங்க, வயித்தை க்ராப் பண்ணச் சொல்லிட்டேன். கண்ணை உறுத்துது.”

மகோன்னதாவில் ஒரு விருந்தினர் ஒரு துறைக்குத்தான் சொந்தம். எலும்புத் துறையின் விருந்தினரைக் குடல் துறை தொட வேண்டுமானால், குடலில் ஏதோ இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதனால் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்ததும் சாய்சரண் பூங்கொத்தோடு அறைக்குள் வந்தார். பின்னால் ஒரு போட்டோகிராபரும் வந்தார்.

“கங்கிராஜுலேஷன்ஸ் ஆன்ட்டி! ஸ்கேன்ல அடைப்பு எதுவுமே இல்ல! கட்டி இல்ல, முறுக்கு இல்ல, க்ளீன்!”

“அப்போ ஏன் இப்டி வீங்கினு கீது?” என்றார் குப்பன்.

“அதுதான் குட் நியூஸ் அங்கிள். எந்தக் காரணமும் இல்ல!”

காரணம் இல்லாததால் துறையும் இல்லை. வசந்தி பூங்கொத்தைப் பார்த்தார். பிறகு சாய்சரணைப் பார்த்தார்.

“வயிறு வெடிக்கற மாதிரி கீது, அதுக்கே பூ குடுக்கற. செத்துப் போனா இன்னா பண்ணுவே நைனா, கேக் வெட்டுவியா?”

போட்டோகிராபர் அந்த முகபாவத்தை எடுத்துவிட்டார். பிறகு அழித்தார்.

ஆனால் கணினி சும்மா இருக்கவில்லை. வயிற்றின் சுற்றளவு கூடிக்கொண்டே போவதை அது கவனித்துவிட்டது. டாக்டர் நல்லசிவம் மேடையில் சொன்னபடியே அதுவாக முடிவெடுத்தது. எடைக் குறைப்புத் துறைக்குத் தகவல் அனுப்பியது. கையில் பிளாஸ்டிக் ஆப்பிளோடு ஓர் ஆலோசகர் வந்தார்.

“மேடம், நைட் டின்னரைக் கொஞ்சம் லைட்டா வெச்சுக்கலாமா?”

“நா துன்னே எத்தினி நாளாச்சுன்னு இந்த சிஸ்டர் பொண்ணக் கேளு தாயீ.”

நர்ஸ் டயானா தலையைக் குனிந்துகொண்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நல்ல பிள்ளையாக எல்லா விதிகளையும் பின்பற்றி வந்தார். கேட்கக் கூடாதென்றார்கள், கேட்கவில்லை. இறக்கக் கூடாதென்றார்கள், இறக்கவில்லை. அழும் முகம் தெரிந்தால் அணியைக் கூப்பிடு என்றார்கள், கூப்பிட்டார்.

ஆலோசகர் அடுத்து, தினமும் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார். வசந்தி கம்பித் தடுப்பைப் பிடித்து எழப் பார்த்தார். டயானா பதறி ஓடி வந்து படுக்க வைத்தார்.

வசந்தியின் அதட்டல் நின்றுபோனதைக் குப்பன் கவனித்தது அதற்குப் பிறகுதான். ஆலோசகர் ஆப்பிளை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பற்றி வசந்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குட்டி குட்டியாக மூச்சு வாங்கினார். தெருவே திரும்பிப் பார்க்கும் குரல் அது. அந்தக் குரல் இல்லாத வசந்தியைக் குப்பன் பார்த்ததே இல்லை.

“இன்னாமே? பேசு. திட்டு என்னிய.”

வசந்தி கண்ணைத் திறக்கவில்லை. குப்பன் வெளியே ஓடினார். செருப்பு எங்கேயோ விழுந்தது. கீழே கூடத்துக்குப் போய்ப் பலூன் குடலுக்குள் புகுந்து, மறுமுனையில் நின்றிருந்த டாக்டர் நல்லசிவத்தின் கையைப் பிடித்தார்.

“சார், நீங்கதான் கொடலு டாக்டரு. என் பொஞ்சாதி சாவறா சார். வந்து பாருங்க.”

கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். அதனால் டாக்டர் நல்லசிவம் வந்தார்.

வந்து வயிற்றைப் பார்த்தார். ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், இந்த முறை க்ராப் பண்ணாமல். படம் வந்தது. பார்த்தவருடைய முகத்திலிருந்து மேடை இறங்கியது.

“இது அக்யூட் கொலானிக் சூடோ அப்ஸ்ட்ரக்‌ஷன்” என்றார்.

“அப்டின்னா?” என்றார் குப்பன்.

“அடைப்பு கிடையாது. ஆனா அடைச்சுக்கிட்ட மாதிரியே பெருங்குடல் காத்தால வீங்கிக்கிட்டே போகும். குடல் வேலை செய்யாம படுத்துடுச்சு. பன்னெண்டு சென்டிமீட்டருக்கு மேல வீங்கினா எப்ப வேணா கிழியும். இவங்களுக்கு அதைத் தொட்டுடுச்சு.”

“கிழிஞ்சா?”

டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் கீழே இறக்கினார். குப்பனுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குள் சாய்சரணும் டாக்டர் ரெஹானும் வந்து சேர்ந்திருந்தார்கள். டாக்டர் நல்லசிவம் சுற்றி நின்றவர்கள் மேல் பாய்ந்தார். “குடலைப் படுக்க வைக்கிற வலி ஊசி ஏன் இன்னும் ஓடுது?”

“வலியற்ற வளாகம் சார்” என்றார் டயானா.

“எந்த முட்டாள் ஆரம்பிச்சது அது?”

சாய்சரண்தான் பணிவாகச் சொன்னார்: “போன வருஷம் நீங்கதான் சார். தீம் சாங்கூட நீங்களே பாடினீங்க.”

“சரி, ஏன் நடக்க வைக்கல?”

டாக்டர் ரெஹான் இருமினார். “டெல்லி டீம் வர்றாங்க. நடந்தா விழலாம். விழுந்தா என் மூட்டு...”

“ரத்தத்துல பொட்டாசியம் தரைமட்டத்துல இருக்கே, அதையாவது பாத்தீங்களா?”

“லேப் அனுப்பிச்சாங்க சார்,” என்றார் டயானா. “இடுப்புல பொட்டாசியம் இல்லன்னு எலும்புத் துறையில எடுத்துக்கல. கேஸ் நம்மளது இல்லன்னு குடல் துறையிலயும் எடுத்துக்கல.”

டாக்டர் நல்லசிவம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கீழே புது கொலனோஸ்கோப் இருக்கு. அதை உள்ள விட்டுக் காத்தை உறிஞ்சிடலாம். தியேட்டரைத் திற.”

“சார்...” சாய்சரண் குரலைத் தாழ்த்தினார். “அது ரிப்பனுக்குள்ள இருக்கு.”

“வெட்டு.”

“டெல்லி தலைவர்தான் வெட்டணும். மத்திய கைலாஷ் சிக்னல்ல நிக்கிறாராம்.”

“பழைய மெஷின்?”

“புதுசு வருதேன்னு வேளச்சேரி கிளைக்கு அனுப்பிட்டோம். அங்க கீழ்த்தளத்துல வெச்சாங்க. மழை வந்துச்சு.” மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. வேளச்சேரியும் மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் நல்லசிவம் ஜன்னலோரம் போய்ச் சற்று நேரம் யோசித்தார். திரும்பியபோது அவருடைய குரல் கனிந்திருந்தது. மருத்துவர்களின் குரல் கனிவது பொதுவாக நல்ல அறிகுறியல்ல.

“ஐயா குப்பன், உங்க நல்லதுக்குச் சொல்றேன். அம்மாவை ஜி.எச்சுக்குக் கொண்டுபோயிடுங்க. இந்த மாதிரி கேஸ் அங்க நிறைய பாத்திருக்காங்க. கைராசிக்காரங்க.”

“நீங்கதான சார் கீழ மைக்கப் புட்சிக்கினு அவங்கள நக்கல் பண்ணினு இருந்தீங்க?”

“அது மேடைக்கு. இது உயிரு.”

ஸ்ட்ரெச்சர் வந்தது. வசந்தியைக் கீழே இறக்கினார்கள். வாசலில் பூக்கோலம் போட்டிருந்தது. அதை மிதித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் போகக் கூடாதென்று செக்யூரிட்டி தடுத்தார். ஆம்புலன்ஸோ ஆய்வுக் குழுவின் பார்வைக்காக மாவிலைத் தோரணம் கட்டி, கதவுகளில் ரிப்பன் ஒட்டி, மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது. அதையும் தலைவர்தான் திறக்க வேண்டும். இந்தச் சமயத்தில் டெல்லிக் கார் உள்ளே நுழைந்தது. ஆய்வுக் குழு வரும்போது வாசலில் நோயாளி கிடப்பது ஒரு மருத்துவமனைக்கு அழகல்ல என்பதால், சாய்சரண் ஸ்ட்ரெச்சரைப் பின்னால் இழுத்து லிஃப்டுக்குள் தள்ளினார். குப்பனும் டாக்டர் நல்லசிவமும் கூடவே உள்ளே தள்ளப்பட்டார்கள்.

“தலைவர் வந்துட்டாரே, இப்ப ரிப்பனை வெட்டச் சொல்லு!” என்று மூடும் கதவின் இடுக்கு வழியே டாக்டர் கத்தினார்.

“இப்ப ராகு காலம் சார்!” என்று பதில் வந்தது.

லிஃப்ட் மேலே ஏறியது. உள்ளே மெல்லிய வீணை இசை ஒலித்தது. குப்பன் வசந்தியின் கையைப் பிடித்திருந்தார். கை சில்லிட்டிருந்தது.

“சார், பொயப்பாளா?”

டாக்டர் நல்லசிவம் எக்ஸ்ரே படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடல் மேன்மை மையம் திறக்கும் நாளில், ஆய்வுக் குழு கட்டடத்துக்குள் இருக்கும்போது, அதன் தலைவருடைய கண் முன்னால் ஒரு குடல் கிழிந்தால் பத்திரிகைகளில் தலைப்பு எப்படி வரும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்பு ஒரு மருத்துவரை உருவாக்கியது.

நான்காவது மாடியில் இறங்கியதும் அவர் சாய்சரணுக்குப் போன் போட்டார். டெல்லிக் குழுவை எப்படியாவது கீழேயே வைத்திருக்கச் சொன்னார். இளநீர் கொடு, பித்தளைப் பலகையைக் காட்டு, தீம் சாங்கைப் போடு. பிறகு அறைக் கதவைச் சாத்தினார். உள்ளே டயானா, குப்பன், புதிய மூட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பின்தொடர்ந்து வந்த டாக்டர் ரெஹான்.

“டயானா, வலி ஊசியை நிறுத்து. பொட்டாசியம் ஏத்து. ஹார்ட் மானிட்டர் மாட்டு. ஒரு ரப்பர் குழாய் எடுத்துக்கிட்டு வா.”

“ரப்பர் குழாயா சார்? நம்மகிட்ட அது...”

“எங்கயாவது இருக்கும். தேடு.”

ஸ்டோர் ரூமின் அடித்தட்டில் இருந்தது. டாக்டர் கோட்டைக் கழற்றினார். சட்டைக் கைமுனையின் தங்க நிறக் கஃப்லிங்க்ஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழாயைத் தன் கையாலேயே வசந்தியின் ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தினார். “ரெஹான், காலுக்கு நடுவுல தலகாணி வெச்சுப் பிடிச்சுக்க. ஐயா குப்பன், தோளைப் பிடிங்க. ஒருக்களிச்சுத் திருப்பணும்.”

“என் மூட்டு, என் மூட்டு” என்று முனகியபடியே ரெஹான் காலைப் பிடித்தார்.

ஒரு பக்கம் புரட்டினார்கள். பிறகு மறு பக்கம். குழாயில் ஒன்றும் வரவில்லை.

அடுத்து ஓர் ஊசி மருந்தைச் சிரிஞ்சில் எடுத்தார் டாக்டர். “நியோஸ்டிக்மின். படுத்துட்ட குடலை இது எழுப்பும். ஆனா ஹார்ட்டை மெதுவாக்கிடும். ரொம்பக் குறைஞ்சா அந்த அட்ரோபினை எடுத்துக் கொடு, ரெடியா நில்லு” என்று டயானாவிடம் சொல்லிவிட்டு, மிக மெதுவாக நரம்பில் ஏற்றினார்.

மானிட்டரின் பீப் சத்தம் நிதானமானது. பிறகு இன்னும் நிதானமானது. ஒரு பீப்புக்கும் அடுத்த பீப்புக்கும் நடுவே குப்பன் வேளாங்கண்ணி மாதாவையும் பாளையத்தம்மனையும் கூப்பிட்டு முடித்தார். டயானா அட்ரோபின் சிரிஞ்சை நீட்டினார். டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். பீப் அதற்கு மேல் குறையவில்லை.

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டெதஸ்கோப் கீழே மேடையிலேயே இருந்தது. குனிந்து, தன் காதை வசந்தியின் வயிற்றில் வைத்தார். வியர்வை அவருடைய காதோரம் வழிந்து வயிற்றில் சொட்டியது.

வசந்தி கண்ணைத் திறந்தார். வயிற்றின் மேல் ஒரு வழுக்கைத் தலை இருப்பதைப் பார்த்தார்.

“அம்மா,” என்றார் டாக்டர். “ஏதாவது... அதாவது ஒரு மூவ்மென்ட்... இயற்கையா ஒரு... ஒரு...”

“இன்னா சார் முழுங்கற?” வசந்தியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “கேக்கறத வாயத் தொறந்து கேளு.”

டாக்டரால் அதைச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குள் பதில் வந்துவிட்டது.

கரையில் கிடந்த படகின் என்ஜினைக் கயிறு சுற்றி இழுத்தால் முதலில் உறுமி, திக்கி, பிறகு பிடித்துக்கொண்டு ஓடுமே, அப்படி வந்தது. நிற்காமல் வந்தது. குழாய் துள்ளியது. டயானா வாளியோடு ஓடினார். ரெஹான் முகத்தைத் திருப்பிக்கொண்டார், காலை மட்டும் விடவில்லை. வயிற்றுப் பானை கண்ணெதிரே சரிந்தது.

அந்த நேரம் பார்த்து இளநீர் தீர்ந்துபோன ஆய்வுக் குழு நான்காவது மாடி நடைபாதையில் வந்துகொண்டிருந்தது. தலைவர் நின்றார். “வாட் இஸ் தட் சவுண்ட்?”

“ஜெனரேட்டர் டெஸ்டிங், சார்,” என்றார் சாய்சரண், கண் சிமிட்டாமல். “பவர் பேக்கப்.”

தலைவர் பாராட்டும் விதமாகத் தலையசைத்தார். அந்தப் பிரிவில் மகோன்னதாவுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

உள்ளே குப்பன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வசந்தி ஒரு நீண்ட மூச்சை இழுத்து, அதை முட்டாமல் மோதாமல் வெளியே விட்டார்.

“யோவ், இன்னாத்துக்கு அழுவற? எழுந்திரு. ஜன்னலத் தொற மொதல்ல.”

பிறகு முகத்தைச் சுளித்து, “இடுப்பு வலிக்குதே!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். குப்பனுக்கு அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் இருக்க முடியாது. வாசலில் எட்டிப் பார்த்த சாய்சரண் பாய்ந்து வந்து, தலைமாட்டில் இருந்த முகப் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

ராகு காலம் முடிந்தது. ரிப்பன் வெட்டப்பட்டது. டாக்டர் நல்லசிவம் கோட்டைப் போட்டுக்கொண்டு, கஃப்லிங்க்ஸை மாட்டிக்கொண்டு, மையத்தின் முதல் வெற்றியைப் பற்றிப் பேசினார். மிக நவீன, பல துறை சார்ந்த, தரவு அடிப்படையிலான தலையீடு என்றார். ரப்பர் குழாய் அந்தப் பேச்சில் வரவில்லை. டெல்லித் தலைவர் அந்தப் பேச்சை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். பித்தளைப் பலகைகள் இரண்டும் புதுப்பிக்கப்பட்டன.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு, குப்பன் வெந்நீர் பிடிக்க வெளியே வந்தார். நான்காவது மாடி நடைபாதையில் ஆளில்லை. பக்கத்து அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அங்கே படுத்திருந்தவர் பெரியவர் அப்துல் வஹீத். கட்டிலருகே ஒருவர் நின்று திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் நல்லசிவம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மேலே கேமரா இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குனிந்து, பெரியவரின் காதருகே ரகசியம் போலக் கேட்டார்:

“பாய், காத்து பிரிஞ்சுதா?”

அப்துல் வஹீத் வெட்கத்தோடு தலையை ஆட்டினார்.

டாக்டர் நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஓசைப்படாமல் அடுத்த அறைக்குப் போனார்.